தரம்சாலாவில் ஒரு கடுக்காய்

நாள் 1

தில்லி மஜ்னு கா டில்லாவில் மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் பஸ், மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் தரம்சாலாவில் இறக்கிவிடும் என்றார்கள். இறங்கியபோது மணி பத்தரை. நள்ளிரவில் எங்கோ டயர் வெடித்தது. மாற்று டயரும் காற்றில்லாமல் கிடந்தது. ஓட்டுநர் யாருக்கோ போன் செய்துவிட்டு, ஸ்டியரிங் மேல் தலை வைத்துத் தூங்கிப்போனார். பயணிகளில் பாதிக்கு மேல் திபெத்தியர்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எனக்கு முன் இருக்கையில் இருந்த பாட்டி ஜெபமாலையை எடுத்தவர், டயர் மாற்றி முடிக்கும்வரை உருட்டிக்கொண்டே இருந்தார். சத்தம் போட்டது நானும் ஒரு பஞ்சாபிக் குடும்பமும்தான்.

என் அண்ணன், "கத்தினால் டயருக்குக் காற்று ஏறுமா பாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். எனக்கு அறுபது வயது முடிந்துவிட்டது. அவருக்கு நான் இன்னமும் பாப்பாதான்.

மதுரையில் அப்பா வைத்திருந்த நாட்டு மருந்துக் கடையை இப்போது அண்ணன் நடத்துகிறார். அறுபத்தேழு வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம். நான் வங்கியில் இருந்து இந்த வருடம் ஓய்வு பெற்றவள். சில வருடங்கள் போபாலில் வேலை பார்த்ததால் இந்தி வரும். அப்பா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. தலைத் திவசம் சென்ற மாதம் முடிந்தது. அதன் பிறகாவது அண்ணனுக்குத் தூக்கம் வரும் என்று அண்ணி நம்பினார், வரவில்லை. எங்காவது கூட்டிக்கொண்டு போ என்று என்னிடம் சொன்னார். காசி வேண்டாம், ராமேஸ்வரம் வேண்டாம் என்ற மனிதர், திபெத்திய வைத்தியசாலை ஒன்று இருக்கிறது என்றதும், "அவர்கள் கடையில் என்ன சரக்கு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்" என்று கிளம்பிவிட்டார்.

அறைக்கு வந்து அவருடைய பையைத் திறந்தால், துணிகளுக்கு நடுவே கால் கிலோ கடுக்காய். மலைக்குப் போனால் வயிறு கட்டிக்கொள்ளுமாம். இடித்துத் தூளாக எடுத்து வந்திருக்கக் கூடாதா என்றேன். முழுக்காயாக இருந்தால்தான் சரக்கு நல்லதா என்று தெரியும் என்றார். இங்கே யாருக்குத் தெரிய வேண்டுமோ, தெரியவில்லை.

நாள் 2

காலையில் ஜன்னலைத் திறந்தால் தௌலாதார் மலைத்தொடர் எதிர்வீட்டுச் சுவர்போல நிற்கிறது. நாங்கள் தங்கியிருக்கும் மெக்லியோட் கஞ்ச், தரம்சாலாவின் மேல்பகுதி, 2,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. கடைத்தெரு ஒரே நெரிசல். கம்பளி, மோமோ, ஹாரன். அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

தலாய் லாமா 1959 இல் திபெத்தை விட்டு வெளியேறி, 1960 இல் இங்கே குடியேறினார். அவருடைய இருப்பிடமும் சுக்லாகாங் கோயிலும் இருக்கும் குன்றைச் சுற்றி மரங்களுக்கு நடுவே ஒரு பாதை போகிறது. பாதைக்கு லிங்கோர் என்று பெயர். சுற்றுவதைக் கோரா என்கிறார்கள். நம்முடைய திருப்பரங்குன்றக் கிரிவலம் மாதிரிதான், வலமாகவே சுற்ற வேண்டும். வழியெல்லாம் 'ஓம் மணி பத்மே ஹூம்' செதுக்கிய கற்கள், மரத்துக்கு மரம் கட்டிய பிரார்த்தனைக் கொடிகள், உருட்டிவிட்டுப் போகும் உருளைகள்.

காலை ஆறரைக்கு அங்கே போனால் ஊரின் முதியவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். முதுகு வளைந்த பாட்டிகள், ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் சுழலும் சிறு உருளை. சக்கர நாற்காலியில் ஒருவரைப் பேரன் தள்ளிக்கொண்டு போகிறான். நடைப்பயிற்சி என்று பார்த்தால் யாரும் கையை வீசி வேகமாக நடக்கவில்லை. பேச்சும் அதிகமில்லை. நின்று, கல்லில் நெற்றியை வைத்து, பிறகு நடக்கிறார்கள். விடுதி நடத்தும் இளைஞரிடம் கேட்டேன். "அடுத்த ஊருக்குப் போகிறவர்கள் மூட்டை கட்டுகிறார்கள்" என்று இந்தியில் சொன்னார். அவர் அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

திபெத்திய மொழியில் பாட்டி 'மோமோ-லா', தாத்தா 'போபோ-லா'. தின்கிற மோமோவுக்கும் இதற்கும் எழுத்து வேறு. அண்ணனிடம் அதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாதி வழியில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த ஒரு மோமோ-லா எங்களைத் தாண்டிப் போனவர், திரும்பி வந்து, தன் ஊன்றுகோலை அவரிடம் நீட்டினார். அண்ணன் பதறி எழுந்துவிட்டார். பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். முன்பற்கள் இரண்டு மட்டும் இருந்தன.

இங்கே காலையிலிருந்து கேட்ட பெயர்களில் பாதி 'செரிங்'. ஆணுக்கும் அதே, பெண்ணுக்கும் அதே. நெடுங்காலம் வாழ்க என்று பொருளாம். தும்மினால் நாம் சொல்லும் வாழ்த்தை இவர்கள் பெயராகவே வைத்துவிடுகிறார்கள்.

நாள் 3

இன்றைக்குத்தான் வந்த வேலை. மெக்லியோட் கஞ்சிலிருந்து ஜோகிவாரா சாலை வழியாகச் செங்குத்தான இறக்கம். பாதியில் கங்சென் கியிஷோங். திபெத்திய நிர்வாக அலுவலகங்கள், நூலகம், அதைத் தாண்டி நாங்கள் தேடி வந்த வைத்தியசாலை, மென்-சீ-காங். மென் என்றால் மருந்து, சீ என்றால் கணிதமும் சோதிடமும், காங் என்றால் வீடு. 13ஆம் தலாய் லாமா 1916 இல் லாசாவில் நிறுவியது. இப்போதைய தலாய் லாமா 1961 இல் இங்கே மறுபடி தொடங்கினார். லாசாவில் இதற்கும் மூத்த மருத்துவக் கல்லூரி ஒன்று, 1696 இல் கட்டியது, சாக்போரி குன்றின் மேல் இருந்தது. 1959 இல் அது தரைமட்டமானது. சோவா ரிக்பா என்னும் இந்த மருத்துவத்தை இந்திய அரசு 2010 இல் சட்டத் திருத்தம் செய்து ஏற்றுக்கொண்டது. நம்முடைய சித்த மருத்துவத்துக்கு உள்ள அதே வரிசையில் இதுவும் இருக்கிறது.

வைத்தியருக்கு அம்ச்சி என்று பெயர். எங்களுக்கு அமைந்தவர் நாற்பது வயதுப் பெண்மணி, நன்றாக இந்தி பேசினார். அண்ணன் உட்கார்ந்ததும் பழக்கத்தில் வலது கையை நீட்டினார். நம் முறையில் ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. அம்ச்சி அதை விட்டுவிட்டு இடது கையைப் பிடித்தார். இவர்களுக்கு ஆணென்றால் முதலில் இடக்கை, பிறகுதான் மற்றது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், வந்த இடம் சரியில்லை என்று எழுதியிருந்தது.

ஆனால் அடுத்த மூன்று நிமிடம் அவர் அசையவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல்; மூன்றையும் மணிக்கட்டில் வைத்து, ஒவ்வொன்றாக அழுத்தியும் தளர்த்தியும் அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருந்தார். அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். கடையில் கூட்டம் நெரியும்போதும் நாடியைப் பிடித்துவிட்டால் வேறு உலகம்.

பிறகு சிறுநீர். விடியற்காலை முதல் நீரைச் சீசாவில் பிடித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் அதைத் துண்டில் சுற்றி, கோயில் பிரசாதம்போல ஏந்தி வந்தார். அம்ச்சி வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, மூங்கில் குச்சியால் வேகமாகக் கடைந்தார். நுரை எவ்வளவு பெரியது, எவ்வளவு நேரம் நிற்கிறது, நிறம், ஆவி, வாடை, அடியில் தங்குவது எல்லாம் கணக்கு. "நல்லெண்ணெய்த் துளி விடவில்லையா என்று கேள்" என்றார் அண்ணன். சித்த மருத்துவத்தின் நெய்க்குறியில், எண்ணெய்த் துளி பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமானால் பித்தம், முத்தாக நின்றால் கபம். மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்ச்சி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த நிமிடத்திலிருந்து அண்ணன் அவருடைய கட்சி.

நோய் லூங் என்றார். இவர்களுக்கும் மூன்றுதான்: லூங், திரிபா, பேக்கன். நம் வாதம், பித்தம், கபத்தின் உடன்பிறப்புகள். லூங்தான் மனத்தைச் சுமக்கிறதாம். மனம் நொண்டிச் சவாரிக்காரன்; லூங் அவன் ஏறியிருக்கும் குருட்டுக் குதிரை. வயதானால் அந்தக் குதிரைக்கு மிரட்சி அதிகம். தூக்கம் போகும், மூட்டு நோகும், காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும்.

இங்கேதான் சண்டை வந்தது. இவர்கள் கணக்கில் குழந்தைப் பருவம் பேக்கன், நடுவயது திரிபா, முதுமை லூங். ஆயுர்வேதமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. சித்த மருத்துவம் நேர்மாறு: முதல் பங்கு வாதம், நடுவில் பித்தம், கடைசியில் கபம். "கிழவனுக்கு ஏது வாதம்? கபம் கட்டித்தானே போகிறான்?" என்று அண்ணன் தமிழில் கேட்க, நான் இந்தியில் சொல்ல, அம்ச்சி திபெத்திய மொழியில் பக்கத்து மேசைப் பெரியவரிடம் கேட்க, கால் மணி நேரம் ஓடியது. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். தீர்ப்பு வரவில்லை. "உங்கள் ஊரில் குளிர் இல்லை, எங்கள் ஊரில் காற்று அதிகம்" என்று பெரியவர் கதவடைத்தார். எனக்கென்னவோ அது நியாயமாகப் பட்டது.

மருந்தை விட எனக்கு நினைவில் நிற்பது அவர் கேட்ட கேள்விகள். இரவு எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள்? யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்? பகலில் யாராவது உங்களோடு பேசுகிறார்களா? லூங் நோய்க்கு எழுதிய பத்தியத்தில் சூடான நெய்ப்பசையுள்ள உணவும், எண்ணெய் தேய்ப்பதும், காற்றடிக்காத கதகதப்பான இடமும், மனத்துக்குப் பிடித்த துணையும் ஒரே வரிசையில் வருகின்றன. எலும்பு சூப் குடிக்கச் சொன்னார். சைவம் என்றோம். சரி, பூண்டை நெய்யில் வதக்கிச் சாப்பிடுங்கள், முழங்காலை ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்றார். பக்கத்து அறையில், சிறு துணி முடிச்சில் சாதிக்காய்ப் பொடியைக் கட்டி, சூடான நல்லெண்ணெயில் தோய்த்து, உச்சந்தலையிலும் நெஞ்சிலும் ஒற்றினார்கள். ஹோர்மே என்று பெயர். "கிழி ஒற்றடத்துக்கு இவ்வளவு தூரம் வந்தோமா?" என்றார் அண்ணன். அங்கேயே பத்து நிமிடம் தூங்கியும்போனார்.

இரவுக்கு அகர்-35 என்ற மாத்திரை. பட்டாணி அளவு, பழுப்பு நிறம், கல்போலக் கெட்டி. ஒன்றைக் கடித்து, நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "அகில். சாதிக்காய். அடியில் கடுக்காய்." மருந்து கொடுக்கும் பெண் சிரித்தார். பட்டுத்துணியில் சுற்றி, ஐந்து நிற நூல் கட்டி விற்கும் 'ரின்சென்' மாத்திரைகளையும் காட்டினார்கள். பவழம், முத்து, பொன், சிலவற்றில் முறித்துச் சுத்தி செய்த பாதரசம். இருட்டில் வெந்நீரில் ஊறவைத்து விடியுமுன் குடிக்க வேண்டும். நான் வாங்க ஆசைப்பட்டேன். அண்ணன் தடுத்துவிட்டார். நாற்பது வருடம் ரசமும் கந்தகமும் விற்றவர், "சரக்கைச் சுத்தி செய்தவன் யார் என்று தெரியாமல் ரசத்தை வாயில் வைக்காதே" என்றார். அந்த எச்சரிக்கை எந்த ஊர் மருந்துக்கும் பொருந்தும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நாள் 4

மென்-சீ-காங் அருங்காட்சியகம். ஒரு மணி நேரம் என்று நினைத்துப் போய் நான்கு மணி நேரம் ஆனது.

இவர்களுடைய மூலநூல் கியூஷி, நான்கு தந்திரங்கள் என்று பொருள். 156 அதிகாரம். 12ஆம் நூற்றாண்டு வைத்தியர் யூத்தோக் யோந்தென் கோன்போ பெயரால் வழங்குகிறது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஐந்தாம் தலாய் லாமாவின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த தேசி சங்கியே கியாத்சோ அதற்கு ஓர் உரை எழுதி, உரையைப் படமாகவும் வரையச் செய்தார். 79 துணி ஓவியங்கள். அவற்றின் படிகள் இங்கே இருக்கின்றன.

முதலில் கடுக்காய். மருந்துப் புத்தர் நீல நிறத்தில் உட்கார்ந்திருக்கிறார், வைடூரிய நிறம் என்கிறார்கள். நமக்கு வைடூரியம் என்றால் பூனைக்கண். இவர்களுக்கு அது ஆழ்ந்த நீலக்கல். இடக்கையில் கிண்ணம். வலக்கையில் ஒரு கொம்பு, இலையும் காயும். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, படத்தில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். "ஐந்து வரி தெரிகிறதா பார். கடுக்காய்."

ஆருரா என்று பெயர். மருந்துகளின் அரசன். பாருரா என்றால் தான்றிக்காய், கியூருரா என்றால் நெல்லிக்காய். ஆக மொத்தம் திரிபலா. குளிர்ப் பாலைவனமான திபெத்தில் கடுக்காய் மரம் ஏது? எல்லாம் இமயத்துக்குத் தெற்கிலிருந்து மூட்டை மூட்டையாக மேலே போனதுதான். தாய் சுவையாக ஊட்டி உடம்பைத் தேற்றுவாள், கடுக்காய் நோயை ஓட்டித் தேற்றும், ஆகவே தாயைவிட ஒரு படி மேல் என்று நம் பழம்பாட்டு ஒன்று சொல்லும். அண்ணன் அதைக் கூடத்தில் உரக்கச் சொன்னார். காவலாளி எட்டிப் பார்த்தார்.

உடம்பை மரமாக வரைந்த ஓவியங்கள் அடுத்து. நோயும் நலமும் கிளைகளாகப் பிரிகின்றன. நலமுள்ள உடம்பின் கிளையில் இரண்டு பூ, மூன்று பழம். பூக்கள் நோயின்மையும் நீண்ட ஆயுளும். பழங்கள் அறம், பொருள், இன்பம். நான் ஒன்றும் சேர்க்கவில்லை, அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். இன்னொன்று: லூங், திரிபா, பேக்கன் மூன்றுக்கும் வேர் முறையே ஆசை, சினம், அறியாமை. காமம், வெகுளி, மயக்கம் கெட்டால் நோய் கெடும் என்று வள்ளுவர் மூன்றையும் ஒரே வரியில் அடுக்கியிருக்கிறார். எங்கே போனாலும் குறளை ஒட்டவைத்துப் பார்க்கும் நோய் நமக்கு உண்டு. அதற்கு மருந்து கிடைக்கும்வரை இப்படித்தான்.

கியூஷியின் மூன்றாம் தந்திரம் முடியும் இடத்தில் முதுமைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. 'சுலென்', அதாவது சாரத்தை எடுத்தல். நம் காயகற்பம். பூண்டு, வெண்ணெய், தேன், திரிபலா, பாறையில் கசியும் கன்மதம். சரக்குப் பட்டியலைப் பார்த்து அண்ணன், "எல்லாம் நம் கடையில் இருக்கிறது" என்றார். ஆயுள் கூடும், புலன் தெளியும் என்ற பேச்செல்லாம் அதில் உண்டு. நான் முகம் சுளித்தது உண்மை. ஆனால் அதே நூல் அதற்கு வெகு முன்பே, இரண்டாம் தந்திரத்தில், சாவின் குறிகளைச் சொல்லி முடித்துவிட்டிருக்கிறது. அதற்கும் ஓவியம் உண்டு. குரங்கின் மேல் ஏறிப் போகிறவன், புலியின் மேல் போகிறவன், அம்மணமாக எருமை மீதேறித் தெற்கு நோக்கிப் போகிறவன். எல்லாம் நோயாளி காணும் கனவுகள். தெற்கு என்றால் இவர்களுக்கும் அதுதான். தொலைவான குறி, நெருங்கிய குறி, உறுதியில்லாத குறி, உறுதியான குறி என்று பாகுபாடு. எந்த நோயாளியை ஏற்பது, யாரிடம் மருந்தை நிறுத்துவது என்பதும் வைத்தியன் படித்துத் தேற வேண்டிய பாடம்.

அண்ணன் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பி வரும்போது பேசவில்லை. ஏற்றம் என்பதால் என்று நினைத்தேன்.

நாள் 5

மழை. எங்கும் போகவில்லை. தூறலாகத் தொடங்கியது மதியத்துக்குள் ஆலங்கட்டியாகிவிட்டது. எழுத வேண்டாம் என்று நினைத்ததை எழுதிவிடுகிறேன்.

அப்பா பட்டம் வாங்கிய வைத்தியர் அல்ல, கடைக்காரர். ஆனால் தெருவில் யாருக்கு முடியாமல் போனாலும் நாடி பார்க்க அவரைக் கூப்பிடுவார்கள். மூன்று விரலையும் வைப்பார். சில வீடுகளில் வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, கையைப் போர்வைக்குள் மெல்லத் தள்ளுவார். "பொட்டலம் வேண்டாம். கஞ்சித் தண்ணீர் கேட்டால் கொடுங்கள். வரவேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்." அவ்வளவுதான். காசு வாங்க மாட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அந்த மனிதரை, எண்பத்தொன்பதாம் வயதில், நாங்கள் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். மூச்சுத்திணறல். முதல் நாள் வார்டில் நினைவோடு இருந்தார். "கனக்கிறதடா, நெஞ்சு மேலே அம்மிக்கல்லை வைத்ததுபோல இருக்கிறது. என்னைத் தூக்கி உட்கார வை" என்று அண்ணனிடம் சொன்னார். உட்கார வைத்தால் சரிந்தார். "வீட்டுக்குப் போகலாம்" என்றும் சொன்னார். இரண்டையும் புலம்பல் என்று எடுத்துக்கொண்டோம். இரவு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிக் குழாய் போட்டார்கள். அதன் பிறகு பேச்சில்லை. இருபத்திரண்டு நாள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், ஒருவர் மட்டும். கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள், குழாயைப் பிடுங்கிவிடுவாராம். நாடி பார்க்கும் கை.

போதும் என்று சொல்லும் தைரியம் எங்கள் மூவரில் யாருக்கும் இல்லை. டாக்டரும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் ஏதோ ஓர் எண் நன்றாக இருந்தது, சோடியமோ, பிளேட்லெட்டோ. வங்கிக்காரியான நான் அந்த எண்களைத் தேதிவாரியாகக் குறித்து வைத்தேன். இருபத்துமூன்றாம் நாள் விடியற்காலை போன் வந்தது.

மழை விட்ட பிறகு அண்ணன் வெந்நீரில் அகர் மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுத்தார். நேற்று இரவு ஐந்து மணி நேரம் தூங்கியிருக்கிறார். மருந்தா, மலையா, தெரியாது.

நாள் 6

மென்-சீ-காங்கின் 'சீ' பிரிவை இன்று பார்த்தோம். குழந்தைக்கு ஜாதகம் எழுதும் அதே இடத்தில், இறந்தவருக்கும் கணித்துத் தருகிறார்கள். உடலை எந்த நாளில், எந்தத் திசையில் எடுப்பது, என்ன வழிபாடு செய்வது என்றெல்லாம் கேட்டு வாங்கிப் போகிறார்கள். மாத்திரைக்கும் மரணக் கணிதத்துக்கும் ஒரே வாசல். நமக்கு அமங்கலமாகத் தோன்றுவது இவர்களுக்குச் சாதாரணம்.

மாலையில் விடுதி இளைஞர் தன் மாமாவான பிக்குவிடம் அழைத்துப்போனார். எழுபது வயதிருக்கும். சாவுவீடுகளுக்குப் போய் ஓதுவது அவர் வேலை. வெண்ணெய்த் தேநீர் கொடுத்தார், உப்பு. அண்ணன் மருந்து என்று நினைத்துக் குடித்துவிட்டார்.

நன்றாக இருக்கும் காலத்திலேயே தினமும் சாவை ஒத்திகை பார்க்கிறோம் என்றார் பிக்கு. சாவது ஒரு நொடியில் நடப்பதல்ல, படிப்படியாகக் கலைவது. முதலில் மண் நீரில் கரையும். அப்போது உடம்பு தாங்க முடியாமல் கனக்கும். மலை மேலே விழுந்ததுபோல அழுத்தும். தூக்கி உட்கார வை என்பார்கள், உட்கார முடியாது. உள்ளே கானல் நீர் மாதிரி தெரியும். பிறகு நீர் தீயில். வாய் வறளும், புகை தெரியும். தீ காற்றில், கைகால் சில்லிடும், மின்மினிகள் தெரியும். கடைசியில் காற்று அறிவில் ஒடுங்கும். மூச்சு நிற்கும், விளக்குச் சுடர்போல ஒன்று தெரியும்.

"மலை விழுந்ததுபோல" என்பதை நான் தமிழில் சொன்ன உடனே அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். பிக்கு ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையில் மறுபடி தேநீர் ஊற்றி மூடி வைத்தார்.

மூச்சு நின்றதோடு முடிவதில்லை என்பதால், இவர்கள் உடலை உடனே தொடுவதில்லை, அசைப்பதில்லை. தொட வேண்டியிருந்தால் முதலில் உச்சந்தலையைத் தொட வேண்டும். போகிறவர் மேல்வழியாகப் போகட்டும் என்று. பக்கத்தில் அழக் கூடாது. அழ வேண்டுமென்றால் அடுத்த அறை. காதருகே அவர் பெயர் சொல்லி, இப்போது இது தெரியும், பயப்படாதே என்று வழி சொல்ல வேண்டும். 49 நாள் வரைக்கும், ஏழு நாளைக்கு ஒருமுறை வழிபாடு. இதற்கென உள்ள பார்தோ தோதொல் என்ற நூலைக் கேட்டிருப்பீர்கள், கேட்டு விடுதலை அடைவது என்று பொருள். நம் வீடுகளிலும் தலைமாட்டில் சிவபுராணம் படிப்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் போனைக்கூட வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வலிக்கு மருந்து கொடுப்பது தவறா என்று கேட்டேன். வலியில் துடித்தால் மனம் எங்கே நிற்கும், கொடுக்கத்தான் வேண்டும் என்றார். நினைவு மங்காத அளவு கிடைத்தால் பாக்கியம்.

துக்தம் பற்றியும் பேச்சு வந்தது. பெரிய தியானிகள் சிலர் இறந்த பிறகும் உடல் கெடாமல் நாட்கணக்கில் அமர்ந்திருப்பார்கள் என்கிறார்கள். தலாய் லாமாவின் ஆசான் லிங் ரின்போச்சே 1983 டிசம்பரில் இதே தரம்சாலாவில் காலமானபோது 13 நாள் அப்படி இருந்ததாகச் சொன்னார். இதை ஆராய விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் இங்குள்ளவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். துக்தம் என்று சொல்லப்பட்ட 13 பேரின் தலையில் கருவி பொருத்திப் பார்த்து, மூளையின் மின்செயல்பாடு எதுவும் தென்படவில்லை என்று 2021 இல் வெளியிட்டார்கள். அதை நான் சொல்லிக்காட்டினேன், சற்று வீம்பாகவே. பிக்கு சிரித்தார். "மூளை நின்றுவிட்டது என்று நாங்களும்தான் சொல்கிறோம்."

அண்ணன் உள்ளே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். மயக்கத்திலேயே போனவருக்கு, யாரும் எதுவும் காதில் சொல்லாமல் போனவருக்கு, ஒரு வருடம் கழித்துச் சொன்னால் கேட்குமா?

49 நாள் கணக்கைச் சொல்லிவிட்டு, பிக்கு கொஞ்ச நேரம் மாலையை உருட்டினார். "அவர் கேட்பாரா என்பதை விடுங்கள். நீங்கள் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிடுங்கள்."

நாள் 7

மதியம் பதான்கோட்டுக்கு டாக்சி. அங்கிருந்து இரவு ரயில். விடியற்காலையில் அண்ணன் என்னை எழுப்பாமலே கோராவுக்குப் போய்விட்டார். போய்த் தேடினால், அன்றைக்கு உட்கார்ந்த அதே கல்லில் இருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் கிட்டே போகவில்லை.

அந்த மோமோ-லா வந்தார். ஊன்றுகோலை மறுபடி நீட்டுவதுபோலப் பாவனை செய்தார். இந்த முறை அண்ணனும் சிரித்தார். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு கடுக்காயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பாட்டி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் வரிகளை எண்ணினார். "ஆருரா" என்றார். இரண்டு கையாலும் பிடித்து உச்சந்தலையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு, கூட வந்த மற்ற இரண்டு பாட்டிகளையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களும் தலையில் வைத்து வாங்கிக் கொடுத்தார்கள். அண்ணன் பையில் இருந்த மற்றவற்றையும் எடுத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் எங்களைச் சுற்றி எட்டுப் பத்து முதியவர்கள். "கொட்டையைத் தின்னக் கூடாது என்று சொல் பாப்பா, கடுக்காய்க்கு அகத்தில் நஞ்சு" என்று அவர் பதற, எனக்கு அதற்குத் திபெத்திய மொழி தெரியாமல், நான் கையைக் காலை ஆட்ட, ஒரு போபோ-லா தெரியும் தெரியும் என்பதுபோல என் தோளைத் தட்டினார்.

மோமோ-லா தன் சுபா என்னும் நீள அங்கியின் மடிப்புக்குள் காயைப் பத்திரப்படுத்திவிட்டு, அதே மடிப்பிலிருந்து ஒரு துண்டு உலர்ந்த பாலாடைக் கட்டியை எடுத்து அண்ணன் வாயிலேயே திணித்தார். சுர்ப்பி, கருங்கல். கடிக்கவும் முடியாமல் துப்பவும் மனமில்லாமல் அண்ணன் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். பதான்கோட் வந்து சேரும்வரை அது கரையவில்லை. ரயிலில் ஏறியதும் வாயில் அதோடேயே தூங்கிப்போனார். தொண்டையில் சிக்கிவிடுமோ என்று நான்தான் ஜலந்தர் வரைக்கும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.